பினாங்குப் பிள்ளைகள் துறைமுகத்தை வரையட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு பதிப்பின் மாணவர் பகுதியில் பிள்ளைகளின் ஓவியங்களைப் போட்டு வருகிறீர்கள், ரொம்ப நல்ல காரியம். ஆனால் பினாங்கிலிருந்து வரும் படங்களிலும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் ஒரு தென்னை மரம்தான். கண்ணெதிரே இவ்வளவு பெரிய துறைமுகம் இருக்க, இதைப் பார்த்து மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியங்களில் (அந்த நேரத்து ஒளியையும் நிறத்தையும் பிடிக்கும் பாணி) உலகமே அறிந்த படம் ஒரு துறைமுகப் படம். குளோட் மோனே 1872-இல் பிரான்சின் லெ ஹாவ்ர் துறைமுகத்தில் சூரியன் எழுவதை வரைந்தார், 1874-இல் பாரிஸ் கண்காட்சியில் வைத்தார். நீலச் சாம்பல் மூட்டம், அதற்குள் மங்கலாகக் கிரேன்களும் பாய்மரங்களும், முன்னால் சின்னப் படகு, மேலே ஆரஞ்சுச் சூரியன், அவ்வளவுதான். அந்தப் படத்தைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், சூரியன் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும், ஏனென்றால் அதன் வெளிச்சமும் சுற்றியுள்ள வானத்தின் வெளிச்சமும் ஏறக்குறைய ஒன்று; நிறம் மட்டும்தான் அதைப் பிரித்துக் காட்டுகிறது. வெள்ளையை அப்பினால் சூரியன் பிரகாசிக்கும் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

ஜார்ஜ் டவுனின் கடலோரச் சாலையான வெல்ட் கீ கிழக்குப் பார்த்த கரை. அங்கே கடலுக்குள் தூண்கள்மேல் நீண்டு நிற்கும் மரப்பாலக் குடியிருப்பான சியூ ஜெட்டியின் கோடியில் காலையில் போய் நின்றால் கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்துக்குப் பின்னால்தான் சூரியன் எழும். மோனேவுக்கு லெ ஹாவ்ரில் கிடைத்த காட்சி நமக்குப் பஸ் தூரத்தில் இருக்கிறது! (ஜெட்டியில் குடும்பங்கள் வசிக்கின்றன, சத்தம் போடாமல் ஓரமாக நிற்கச் சொல்லுங்கள்.)

அங்கே போய்ப் பார்த்தால்தான் கடல் நீலம் இல்லை என்பதே தெரியும். பழுப்பு கலந்த பச்சை, மேகம் மூடினால் ஈயச் சாம்பல். அல்ட்ராமரின் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் வெள்ளையும் சேர்த்தால் அந்தச் சாம்பல் வந்துவிடும், கறுப்பு டியூப்பைத் திறக்கவே வேண்டாம். கறுத்த படகின் பிம்பம் தண்ணீரில் படகைவிடக் கொஞ்சம் வெளுத்துத் தெரியும், வெள்ளைப் படகின் பிம்பம் கொஞ்சம் மங்கித் தெரியும். புகைப்படத்தைப் பார்த்து வரைகிற பிள்ளை இதைக் கவனிப்பதே இல்லை. அப்புறம், நம் ஊரில் சூரியன் செங்குத்தாக ஏறும், விடியற்காலை நிறம் சட்டென்று போய்விடும், அதனால் சின்ன கேன்வாஸே போதும்.

இதை எண்ணெய் வண்ணத்தில் வரையட்டும் என்கிறேன், ஏன் என்று கேட்பார்கள். அக்ரிலிக் நம் வெயிலில் பேலட்டிலேயே காய்ந்துவிடுகிறது. எண்ணெய் வண்ணம் மெதுவாகத்தான் காயும் என்பதால் ஈரச் சாம்பலின் மேலேயே ஆரஞ்சை வைக்கலாம். ஆனால் தூரிகையைத் துடைத்துவிட்டு ஒரே தடவை வைத்து, கையை எடுத்துவிட வேண்டும், மறுபடி தேய்த்தால் எல்லாம் சேறாகிவிடும். பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எண்ணெய் வண்ணத்தில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது, அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடும், விரித்துக் காயப் போடுங்கள்.

இந்தத் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களில், தொங்காங் என்ற சரக்குப் படகில் சரக்கு ஏற்றி இறக்கியவர்களில் நம் தாத்தாக்களும் உண்டு. சரக்கு வேலை பட்டர்வொர்த் பக்கம் போய்விட்டது, தொங்காங்கும் போய்விட்டது, அந்தத் தண்ணீர் மட்டும் அங்கேயே இருக்கிறது. அதை ஒரு தமிழ்ப்பள்ளிப் பிள்ளை நேரில் நின்று வரைந்து உங்கள் பத்திரிகையில் வந்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

ஆகவே ஒரு வாரம் 'துறைமுகம்' என்று தலைப்புக் கொடுங்கள், நேரில் பார்த்து வரைந்ததாக இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள். கோடு நேராக இல்லை, கப்பல் கப்பல் மாதிரி இல்லை என்று எதையும் ஒதுக்கிவிடாதீர்கள். எண்ணெய் வண்ணம் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவே நாள் பிடிக்கும், கனமாகப் பூசியிருந்தால் இன்னும் அதிகம். அதனால் கடைசித் தேதியைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
பட்டர்வொர்த் வாசகர்