மழையில் இறுகும் கதவை உடனே இழைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி அடைமழை பிடித்ததும் வீட்டுக்கு ஒரு கதவாவது இறுகிக்கொள்ளும். உடனே இழைப்புளியை எடுத்து 4, 5 மி.மீ. சீவித் தள்ளிவிடுகிறார்கள். தை பிறந்து காற்று காய்ந்ததும் கதவுக்கும் நிலைக்கும் நடுவே விரல் நுழையும் சந்து விழுகிறது, தாழ்ப்பாள் நாக்கு எட்டுவதில்லை. சீவிய மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய நீளுவதே இல்லை; அகலவாக்கில்தான் ஊதும். 3 அடி அகலத் தேக்குப் பலகைக் கதவில் மரத்தின் ஈரம் 4 சதவீதம் கூடினாலே 3 முதல் 6 மி.மீ. வரை அகலும். ஈரம் போனதும் பழையபடி சுருங்கும். அதனால் கதவு உரசினால் மரம் ஊதியதுதான் காரணமா என்று முதலில் பார்க்க வேண்டும். கதவைப் பாதி திறந்து, கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்குங்கள். கதவு அசைந்தால் கோளாறு கீலில். மேல் கீலின் ஸ்க்ரூ தளர்ந்தால் பூட்டுப் பக்கம் தொங்கி, மேல் மூலை நிலையிலும் கீழ் மூலை தரையிலும் உரசும். இந்தக் கதவை எவ்வளவு இழைத்தாலும் தீராது.

தளர்ந்த ஸ்க்ரூவைக் கழற்றி, மூங்கில் அல்லது தேக்குச் சிம்பில் வெள்ளைப் பசை தடவி ஓட்டையில் இறுக அடித்து, மட்டமாக வெட்டி, ஓர் இரவு காயவிடுங்கள். பிறகு 8ஆம் நம்பர் ஸ்க்ரூவுக்கு 3 மி.மீ. துளையிட்டு, பழைய ஒரு அங்குல ஸ்க்ரூவுக்குப் பதில் இரண்டு அங்குலத்தைப் போடலாம். புரிமேல் சோப்பு தேய்த்தால் தலை நசுங்காமல் இறங்கும். ஸ்க்ரூவைச் சுத்தியலால் அடித்து இறக்கிவிட்டுக் கடைசி இரண்டு சுற்று மட்டும் திருகும் வழக்கத்தை நம் தச்சர்கள் தயவுசெய்து விட வேண்டும். புரி பிடிக்க வேண்டிய நார் அப்போதே கிழிந்துவிடுகிறது. ஓராண்டில் கதவு தொங்குவது அதனால்தான்.

கீல் உறுதியாக இருந்தும் இறுகினால் உரசும் இடத்தில் மெழுகுவத்தி தேய்த்து மழைக்காலத்தை ஓட்டுங்கள். அறவே சாத்த முடியாவிட்டால் மட்டும் நிலைக்கும் கதவுக்கும் நடுவே கார்பன் தாள் வைத்துச் சாத்தி, மை பட்ட இடத்தில் ஒரு மி.மீ.க்கு மேல் போகாமல் இழைக்கலாம். மேல் விளிம்பை இழைக்கும்போது இரு மூலைகளிலிருந்தும் நடுவை நோக்கித் தள்ள வேண்டும். வெளிப்பக்கமாகத் தள்ளினால் குத்துச்சட்டத்தின் (கதவின் இரு ஓரத்து நெட்டுச் சட்டம்) முனை பிளந்து தெறிக்கும். முழுச் சரிபார்ப்பை மாசி, பங்குனியில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது பக்கவாட்டில் 3 மி.மீ. சந்து இருப்பது சரியான அளவு. பலகைக் கதவுக்கு இன்னும் ஒன்றிரண்டு மி.மீ. கூட விடலாம்.

நீர் புகும் வாசல் பெரும்பாலும் கதவின் அடி விளிம்பு. மரத்தின் வெட்டுமுகம் (குறுக்கே அறுத்த முனை) மேற்பரப்பைவிடப் பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். ஆனால் கதவைக் கழற்றாமல் அங்கே தூரிகை எட்டாது என்பதால் பெயின்டர் விட்டுவிடுவார், வீட்டாரும் குனிந்து பார்ப்பதில்லை. ஒரு கண்ணாடித் துண்டை அடியில் நுழைத்துப் பாருங்கள், பெயின்ட் படாத வெறும் மரம் தெரியும். வெயில் காலத்தில் கதவைக் கழற்றி, நன்றாகக் காயவிட்டு, 120ஆம் நம்பர் உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் ஒரு கை, எனாமல் இரண்டு கை மேலும் கீழும் பூசுங்கள். தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு; பாலிஷ் போடுவதானால் முதலில் தின்னர் நனைத்த துணியால் துடைக்காவிட்டால் பிடிக்காது. ஒரு பக்கம் பூசி மறுபக்கத்தை வெறுமனே விட்டால் கதவு வளையும்.

குளியலறை ஃப்ளஷ் கதவை (இருபுறமும் மெல்லிய மரத்தாள் ஒட்டிய தட்டைக் கதவு) இழைக்கவே கூடாது. சுற்று ஓரத்தில் மட்டுமே முழுக்கட்டை. அதைச் சீவித் தீர்த்தால் உள்ளே நிரப்பிய துண்டுக் கட்டை வெளியே தெரிந்து, அடுத்த மழையில் மேல்தாள் உரியும். அடியில் ஏற்கெனவே உரிந்திருந்தால் ஈரம் ஏறிய பகுதியை மட்டும் அறுத்து, அதே கனத்தில் தேக்குப் பட்டி ஒட்டி, பட்டியின் நாலு பக்கமும் பெயின்ட் பூசிய பிறகு மாட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தச்சர், கும்பகோணம்