தம்மூஸ் 12 சனிக்கிழமை வருகிறது

அலிபாக்
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை, ஆனால் மும்பைக்குப் போகும் மாண்ட்வா லாஞ்சுப் படகை நிறுத்திவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பேசினபோது உன் குரல் சோர்ந்து கிடந்தது. காலையில் சாப்பிட்டுவிட்டுத்தானே வேலைக்குப் போகிறாய்? வெறும் காப்பியைக் குடித்துவிட்டு ஓடாதே.

நம் மதச் சட்டத்தில் ஒரு சந்தேகம், அதற்குத்தான் உட்கார்ந்தேன். இந்த வருஷம் அம்மா போன நாள், நம் யூதப் பஞ்சாங்கத்தில் தம்மூஸ் மாதம் 12, சனிக்கிழமையில் விழுகிறது. நாள் நமக்குச் சாயங்காலமே பிறந்துவிடுவதால் வெள்ளி அஸ்தமனத்துக்கு முன்பே நினைவு விளக்கை ஏற்ற வேண்டும். அதை முதலில், ஷப்பாத் ஓய்வுநாள் விளக்கைப் பிறகு. மாற்றிச் செய்தால் ஷப்பாத் வந்துவிட்ட பின் தீக்குச்சி கிழித்த பாவம். இவ்வளவும் எனக்குத் தெரியும். சனியன்று கல்லறைக்குப் போகக் கூடாது என்பதும் தெரியும். வெள்ளி காலையிலேயே போய்வரலாமா, ஞாயிறு வரை பொறுக்க வேண்டுமா? இஸ்ரேலில், அஷ்தோதில் எப்படிச் செய்கிறார்கள்? நீ அங்கே போய் ஹீப்ரூ படித்தவள், கேட்டுச் சொல்.

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம் என்பாய். போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய்.

அம்மாவின் ஆத்மாவுக்காகக் கதீஷ் ஜெபம் சொல்கிறேன் என்று பெரியப்பா மகன் வாக்குக் கொடுத்தானே, ஹனுக்கா பண்டிகை வரைதான் போனானாம். வேலையாம். நான் குறை சொல்லவில்லை. நம் தெருவுக்கு இஸ்ரேல் ஆளி, இஸ்ரேல் சந்து என்று பெயர் இருக்கிறதே தவிர, நம் ஜெபக்கூடம் மாகேன் அபோத்தில் பத்து ஆம்பிளை சேர்வதற்கு மும்பையிலிருந்து யாராவது வர வேண்டியிருக்கிறது. ஒன்பது பேரோடு உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்து, கதீஷ் இல்லாமலே வீட்டுக்கு வந்த நாள் எத்தனை! அந்தப் பத்துப் பேர் மின்யான் இல்லாமல் சொல்லக் கூடாது, என்ன செய்ய.

அத்தை ஒன்று சொன்னாள். நீ தினமும் காலையில் ஜெபக்கூடத்துக்குப் போய்த் திரைக்குப் பின்னால் உட்காருகிறாயாம். கேட்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிறகு கோபமும் வந்தது. பெற்ற அப்பன் இதை அத்தை வாயால்தான் கேட்க வேண்டுமா? அவ்வளவு விடிகாலையில் வெறும் வயிற்றோடு போவாய், அதுவும் தெரியும். ஒரு வாழைப்பழமாவது பையில் வைத்துக்கொள்.

போய் என்ன செய்கிறாய் என்று நான் கேட்கவில்லை.

எப்படியும் சிவான் மாதத்தோடு கதீஷ் சொல்லும் பதினொரு மாதம் முடிந்துவிட்டது. பாவிகளுக்குத்தான் பன்னிரண்டு மாதத் தீர்ப்பு என்று நம் பழைய சட்டநூல் மிஷ்னா சொல்கிறது. பன்னிரண்டையும் சொல்லி முடித்தால் பெற்றவளைப் பிள்ளையே பாவி ஆக்கின மாதிரி இருக்கும் என்று ஒரு மாதம் முந்தியே நிறுத்திவிடுகிறோம். உன் அம்மாவுக்குப் பதினொன்றே அதிகம்.

போன மாதம் மும்பைக்குப் போனபோது அங்கே வந்திருந்த மதகுரு, ஒரு ரப்பியிடம் ஒரு விஷயம் கேட்டேன். யாருக்காக என்று சொல்லவில்லை, பொதுவாகக் கேட்டேன். அவர் ஒரு பழைய கதை சொன்னார். முந்நூறு வருஷத்துக்கும் முன்னால் ஆம்ஸ்டர்டாமில் ஆண்பிள்ளை இல்லாத ஒருவர், மகள் மட்டும் உண்டு, சாகும்போது எழுதி வைத்தாராம்: தினமும் பத்துப் பேர் என் வீட்டில் உட்கார்ந்து வேதம் படிக்கட்டும், முடிந்ததும் என் மகள் கதீஷ் சொல்லட்டும் என்று. யாயிர் பக்கராக் என்ற பெரிய ரப்பியிடம் விவகாரம் போயிருக்கிறது. மகள் சொன்னாலும் அந்த ஆத்மாவுக்கு நன்மைதான், தடுக்கச் சட்டத்தில் ஆதாரம் இல்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனாலும் வழக்கம் தளர்ந்துவிடும், அதனால் விடக் கூடாது என்று முடித்தாராம். இன்றைக்குச் சில ரப்பிகள் விடுகிறார்கள், சிலர் விடுவதில்லை. பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் இதே யோசனை. சட்டத்தில் இல்லை, வழக்கத்தில் இருக்கிறது.

நம் வழக்கம் என்ன பெரிய வழக்கம்? நவ்காவ் கரையில் கப்பல் உடைந்து ஒதுங்கின நம் முன்னோர் கையில் தோரா வேதம் கிடையாது. ஷெமா ஜெபம் ஒன்றுதான் ஞாபகம். சனிக்கிழமை செக்கு ஓட்ட மாட்டோம் என்று இருந்தோம், ஊர்க்காரர்கள் சனிவார் தேலி, சனிக்கிழமை எண்ணெய்க்காரர், என்று பெயர் வைத்தார்கள். டேவிட் ரஹாபி என்ற யூதர் வந்து நாம் யூதர்தானா என்று எப்படிச் சோதித்தார்? ஆம்பிளைகளை நிற்க வைத்துக் கேள்வி கேட்கவில்லை. பெண்களிடம் மீனைக் கொடுத்துச் சமைக்கச் சொன்னார். யூதர் தின்னக் கூடாத, செதிலும் துடுப்பும் இல்லாததை அவர்கள் தனியாக எடுத்து வைத்துவிட்டார்கள். அந்தக் கதையை எனக்கு எங்கள் அம்மா சொன்னாள், உனக்கு உன் அம்மா சொன்னாள். நான் யாருக்கும் சொன்னதில்லை.

அன்றைக்கு அம்மாவின் குழியருகே, மழையில், பென் ஊர் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்த பத்துப் பேர் நின்றபோது, நீ "யித்கடால் வெயித்கடாஷ்" என்று கதீஷை ஆரம்பித்தாய். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். நீ பாதியில் நிறுத்தினாய். ஷிவா துக்கம் ஏழு நாளும் அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை. பெண் சொல்லக் கூடாது என்று சட்டம், அதனால் நிறுத்தினேன் என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். சட்டம் எனக்கு எங்கே தெரியும்? என் கையில் மராத்தி எழுத்தில் எழுதின காகிதம் இருந்தது, மழையில் மை கரைந்துகொண்டிருந்தது. அறுபத்தெட்டு வயதில் எழுத்துக்கூட்டித்தான் எனக்குக் கதீஷின் அராமிக் பாஷை வரும். நீயோ கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் மாதிரி சொன்னாய். பத்துப் பேர் முன்னால் எனக்கு வெட்கமாகிவிட்டது. அவ்வளவுதான் காரணம். நீ நிறுத்தின பிறகு நான் சொன்னதில் இரண்டு வரி விட்டுப்போனது. அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்த முதல் கதீஷ் அதுதான்.

இதை எழுதவே மூன்று நாளாயிற்று. அதற்குள் கரெண்ட் வேறு போய்ப் போய் வருகிறது.

நினைவு நாளுக்கு மலிதா, நம் அவல் இனிப்பு, செய்யச் சொல்லியிருக்கிறேன். அவல் நல்லதாகக் கிடைத்தது. எட்டுப் பேர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்கள், இன்னும் இரண்டு பேரை மும்பையில் பிடித்துவிடுவேன். உன்னைப் பத்தில் ஒன்றாக எண்ண மாட்டார்கள், அதில் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. பத்துப் பேர் பத்துப் பேராக இருக்கட்டும். நான் காகிதத்தைக் கொண்டு வரப் போவதில்லை. நீ சொல், உன் பின்னாலேயே நான் சொல்கிறேன்.

லீவு கிடைக்குமா என்று கேட்டுப் பார். லாஞ்ச் இருக்காது, மும்பையிலிருந்து பென் வழியாக வரும் பஸ்ஸில் ஏறு. ஏறும் முன் ஏதாவது சாப்பிடு.

அப்பா