அது கொடிக்கள்ளி இல்லை ராசு

அன்புள்ள ராசு,

நம் ஊர்ப் பக்கக் கரட்டுக் குன்றில் இலையில்லாத ஒரு கொடியைப் பார்த்துவிட்டு, போன வாரம் போனில் கொடிக்கள்ளி என்று அடித்துச் சொன்னேன் இல்லையா, அது தப்பு. முழுத் தப்பு. இத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் செடிகொடி சொல்லிக்கொடுத்தவனை ஓர் ஆட்டுக்காரர் ஒரே வார்த்தையில் உட்கார வைத்துவிட்டார்.

ரெண்டு உழவு மழை பெய்ததும் மறுபடி அந்தக் கரட்டுக்குப் போனேன். நம் பக்கம் ஐப்பசியில் பெய்வதுதானே மழை, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று புழுதியை வாரி இறைப்பதோடு சரி. சரிவில் உசிலையும் வெள்வேலும் காரைப் புதரும் பின்னிக் கிடக்கிற ஓர் இடம், வெள்ளாடுகூடத் தலையை நுழைக்க யோசிக்கும். அதற்குள்தான் அந்தக் கொடி. வேர் புதர் நிழலில், தண்டு மட்டும் காரை முள்ளைச் சுற்றிக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்து ஏறுகிறது. பென்சிலைவிடக் கொஞ்சம் மெலிசு, பச்சை, வழவழப்பு. இலை என்று பார்த்தால் கணுவுக்கு ரெண்டு செதில், அதுவும் சீக்கிரம் உதிர்ந்துவிடுகிறது. இலையில்லாத பச்சைக் கொடி என்றால் நமக்குத் தெரிந்தது பிரண்டை, இல்லாவிட்டால் கொடிக்கள்ளி. பிரண்டைக்குத் தண்டு நாலு பட்டை, இது உருண்டை, ஆகவே கொடிக்கள்ளி என்று நான் முடிவு கட்டியதில் குற்றம் இல்லை என்றுதான் இப்போதும் எனக்குத் தோன்றுகிறது, கிள்ளிப் பார்க்காததுதான் குற்றம்.

"பால் வருதான்னு பாருங்க" என்றார் ஆட்டுக்காரர். கொடிக்கள்ளியை ஒடித்தால் கையெல்லாம் வெள்ளைப் பால் வழியும். இதில் தண்ணீர் மாதிரி கொஞ்சம் கசிந்தது, அவ்வளவுதான். பெயர் கேட்டேன். "பேரெல்லாம் ஆருக்குங்க தெரியும், சின்னதுல ஆடு மேய்க்கையில ஒடச்சு மெல்லுவமுங்க, புளிக்கும்" என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். நானும் ஒரு துண்டு மென்றேன். புளிப்புதான். (இதை உன் தங்கச்சியிடம் சொல்லிவிடாதே, காட்டில் கண்டதையும் தின்கிறேன் என்று வீட்டில் ஏற்கனவே புகார்.)

அப்புறம் பூ. முதலில் பூ என்றே தெரியவில்லை, ஏதோ பூச்சிக்கூடு ஒட்டியிருக்கிறது என்று நினைத்தேன். அடி உப்பிய ஒரு குழல், கழுத்தில் ஒடுங்கி லேசாக வளைந்து மேலே வாய் விரிகிறது. அந்த வாய்க்கு மேல் ஐந்து இதழும் நுனியில் ஒட்டிக்கொண்டு கூண்டு கட்டி நிற்கின்றன, சின்ன அரிக்கேன் விளக்கு மாதிரி. இளமஞ்சளும் பச்சையும் கலந்த உடம்பில் கத்தரிப்பூ நிறத்தில் திட்டுத்திட்டாகக் கறை. மூன்று பூ இருந்தது, மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒன்றை பிளேடால் நெடுக்கக் கீறினேன். குழலுக்குள் முடிகள் எல்லாம் உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. அடிக்குடத்தில் எள்ளில் பாதி இருக்கும், ரெண்டு ஈ, உயிரோடு! நுழைந்தது திரும்ப ஏற முடியாது. முடி வாடினால்தான் விடுதலை, அதுவரை உள்ளே சுற்றிச் சுற்றி வந்து மகரந்தப் பொட்டலத்தை ஒட்டிக்கொண்டு போய் அடுத்த பூவில் மறுபடி மாட்ட வேண்டும். எருக்கும் இந்தக் குடும்பம்தானே, அதிலும் மகரந்தம் தூளாக இல்லாமல் பொட்டலமாகத்தான் இருக்கும், ஆனால் எருக்கு யாரையும் உள்ளே போட்டுப் பூட்டுவதில்லை.

இதன் பெயர் செரோபீஜியா ஜன்சியா. செரோபீஜியா குலத்தில் இந்தியாவில் ஐம்பது வகைக்கு மேல் உண்டு, பல வகைகள் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டு வெளியே வராதவை, அழிவின் விளிம்பில் இருப்பவையும் நிறைய. இது சமவெளி வறண்ட காட்டுக்காரன். 1795லேயே ராக்ஸ்பர்க் என்ற தாவரவியலாளர் படம் போட்டுப் பெயர் வைத்துவிட்டார், கோரை மாதிரித் தண்டு என்பதால் ஜன்சியா. சரிபார்க்கக் கோவைக்குப் போய் உலர்ந்த மாதிரியையும் பார்த்துவிட்டு வந்தேன். வேடிக்கை என்னவென்றால் அந்த உலர்செடிக் காப்பகத்தின் பெயர் மெட்ராஸ் ஹெர்பேரியம், இருப்பது நம் விவசாயப் பல்கலைக்கழக வளாகத்துக்குள்.

லொக்கேஷன் அனுப்பு என்று கேட்டிருந்தாய். அனுப்ப மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஜன்னலில் சதைப்பற்றுச் செடி வளர்க்கிறவர்கள் இதற்குக் காசு கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள், தண்டை வெட்டிக்கொண்டு போக ஒரு ஆளும் ஒரு அரிவாளும் போதும். போட்டோவைக்கூட இடம் காட்டாதபடி மாற்றித்தான் அனுப்பியிருக்கிறேன், நீயும் குரூப்பில் போட்டுவிடாதே. ஏற்கனவே கரட்டுக்குக் கீழே கிளுவை வேலியை எல்லாம் பிடுங்கிக் கம்பி போட்டு சைட்டுக் கல் நட்டாயிற்று. மிச்ச இடத்தில் சீமைக்கருவேல். அரை ஏக்கர் புதருக்குள் நான் எண்ணியது மொத்தம் ஏழு கொடி.

மற்றபடி இங்கே எல்லோரும் சௌக்கியம். முழங்கால் ஏறும்போது ஒன்றும் சொல்வதில்லை, இறங்கும்போதுதான் பேசுகிறது. மகளுக்குத் தை மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறோம், நீ வராமல் ஒன்றும் நடக்காது.

நீ கார்த்திகைக்குள் வந்தால் நானே கூட்டிப்போகிறேன், பூ இருந்தால் உன் அதிர்ஷ்டம். காங்கயம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் போன் போடு. அந்தப் பழைய பத்து மடங்கு லென்ஸை மறக்காமல் எடுத்து வா, என்னுடையது அன்றைக்குக் காரைப் புதருக்குள் விழுந்தது, கையை விட்டு எடுக்க முடியவில்லை.

அன்புடன்,
சிவசாமி