பச்சைக்கு அடியில் சிவப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொருளாளர் அவர்களுக்கும், இந்தப் பனியில் டெட்ராய்ட் பக்கத்து நோவை நகரம் வரை வண்டி ஓட்டி வந்திருக்கும் நம் பழங்கார்ச் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சம்பிரதாயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். இந்த ஆண்டு 9 கூட்டங்கள் நடந்தன. உறுப்பினர்கள் 31 பேர். 3 பேர் வேலை மாறி டெக்சஸ் போய்விட்டார்கள். அங்கே துரு பிடிக்காது என்று சொல்லிக் கடுப்பேற்றுகிறார்கள். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை டெட்ராய்ட்டின் உட்வர்ட் சாலையில் நடக்கும் பழங்கார் ஊர்வலமான உட்வர்ட் ட்ரீம் குரூஸில் நம் பழங்கார்கள் 6 கலந்துகொண்டன. அதில் ஒன்று வீடு திரும்பியது இழுவை வண்டியின் முதுகில். யாருடையது என்று நான் சொல்லப்போவதில்லை, அவர் முன்வரிசையில்தான் இருக்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நம் துணைத்தலைவர் டொலிடோ பக்கம் ஒரு பண்ணை வீட்டிலிருந்து வாங்கி வந்த 1970 பிளிமத் ரோட் ரன்னரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கிளிப்பச்சை. ஹாரனை அழுத்தினால் கார்ட்டூன் பறவை மாதிரி 'பீப் பீப்' என்று கத்தும். குழந்தைகள் அதற்காகவே வரிசையில் நிற்பார்கள். நல்ல வண்டி, ஆனால் சாதாரண வண்டி என்றுதான் நினைத்திருந்தோம். ரோட் ரன்னரே அப்படிப் பிறந்ததுதான். 1968இல் அது வந்தபோது 3000 டாலருக்கும் குறைவு. 383 கன அங்குல எஞ்சின், 335 குதிரைசக்தி, அலங்காரம் ஒன்றும் கிடையாது. பணமில்லாத இளைஞர்களுக்கான வேகம்.

மார்ச் மாதம் இடதுபக்கப் பின்சக்கர வளைவுக்கு மேலே பெயின்ட் கொப்பளித்திருந்தது. துருவாகத்தான் இருக்கும் என்று உப்புத்தாளோடு உட்கார்ந்தோம். பச்சை போனது. அதற்கடியில் சாம்பல் நிறப் பிரைமர். அதற்கும் அடியில் விரலளவு பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பும் பசை. காந்தத்தை வைத்தால் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. பட்டியைச் சுரண்டினால் நீளமாக ஒரு வெல்டிங் தழும்பு. அந்தத் தழும்பின் மேல் ஓரத்தில், கட்டைவிரல் நகம் அளவுக்கு, ஒரு சிவப்பு. டார்ச் அடித்ததும் உள்ளிருந்து பொன்னாக மினுங்கியது.

கம்பெனி அடித்த சிவப்பு அப்படி மினுங்காது. அது 'கேண்டி' பெயின்ட். அடியில் தங்க நிறமோ வெள்ளி நிறமோ அடித்து, அதன்மேல் கண்ணாடிபோல ஊடுருவும் சாயத்தைப் பூச்சுப் பூச்சாக ஏற்றுவார்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் நிறம் ஆழமாகும். கை ஓரிடத்தில் தயங்கினாலும் அங்கே பட்டை தெரியும். தெருவில் ஓடும் வண்டிக்குப் பெரும்பாலும் இதைச் செய்யமாட்டார்கள், வெயில் பட்டால் வெளுத்துவிடும். இது கண்காட்சி வண்டிகளுக்கான வேலை.

அப்புறம் நடந்தது வேலை அல்ல, புதையல் வேட்டை. ஜாக்கி போட்டுத் தூக்கினோம். பின் அச்சின் டிஃபரன்ஷியல் மூடியில் இருந்த கறுப்புப் பெயின்டைத் துடைத்தால் உள்ளே குரோமியம். சேறு மட்டுமே பார்க்கிற இடத்துக்கு முலாம் பூசுவது யார்? வண்டிக்கு அடியில் கண்ணாடி விரித்து வைத்துக் காட்டப்போகிறவன்தான். டிக்கியில் உதிரிச் சக்கரத்துக்கு அடியில் ஒயின் நிறத்தில் நசுக்கிய வெல்வெட் துணி ஒரு துண்டு, பித்தான் வைத்துத் தைத்தது. மியூசியத்தில் இருக்க வேண்டிய துணியை எலி மெத்தையாக வைத்திருந்தது.

புதிய உறுப்பினர்களுக்காக அந்தக் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டெட்ராய்ட்டின் ஆட்டோராமா, அதாவது அலங்கரித்து மாற்றிய கார்களின் கண்காட்சி, 1953இல் தொடங்கியது. அதன் உச்சப் பரிசான ரிட்லர் விருது 1964 முதல் கொடுக்கப்படுகிறது. அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளிலும் குளிர்காலம் வந்தால் ஊர் ஊராக அரங்குகளில் கண்காட்சி நடக்கும். ஒரே வண்டிகள் லாரியில் ஏறி ஊர் ஊராகப் போய்ப் புள்ளிகள் சேர்க்கும். கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. பிளிமத் தன் 'ரேபிட் டிரான்சிட் சிஸ்டம்' ஊர்வலத்துக்கு, ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்களின் முதல் வடிவமைப்பாளரான ஹாரி பிராட்லியை வரையச் சொல்லி, 1968இல் ரிட்லர் வென்ற டெட்ராய்ட்டின் சக் மில்லரிடம் செய்யக் கொடுத்தது. நம் வண்டி அந்த ஊர்வலத்தைச் சேர்ந்தது அல்ல. அதைப் பார்த்து ஏங்கிய ஏதோ ஒரு வீட்டுக் கராஜில் பிறந்தது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

அந்தக் கண்காட்சிகளில் வண்டியைச் சுற்றி வெள்ளைக் கண்ணாடி இழையைப் பஞ்சு போலப் பரப்புவார்கள். தேவதையின் கூந்தல் என்று பெயர். தொட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். அந்தக் காலப் படங்களைப் பார்த்த என் மனைவி, "இது கொலுதானே?" என்றார். கண்ணாடி, பஞ்சு, விளக்கு, வருஷத்துக்கு ஒரு புதுசு. கொலுவேதான்.

அந்த 'வருஷத்துக்கு ஒரு புதுசு'தான் இந்த வண்டிகளைக் கொன்றது. போன சீசனில் பார்த்த வண்டிக்குக் கூட்டம் கூடாது. இரண்டு சீசன் முடிந்தால் கிடைத்த விலைக்கு விற்றுவிடுவார்கள். பெரிய எஞ்சின் வைத்த 'மசில்' கார்களின் காலமும் அப்போதே சரிந்துகொண்டிருந்தது. காப்பீட்டுக் கட்டணம் ஏறியது, புகைக் கட்டுப்பாடு வந்தது, 1973 அக்டோபரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. பிறகு எண்பதுகளில் இன்னொரு மோகம்: எல்லாவற்றையும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே திருப்புவது. பின்னிருக்கை ஸ்பிரிங்குக்குள் செருகியிருக்கும் தயாரிப்புத் தாளைப் பார்த்து, அதில் என்ன நிறக் குறியீடோ அதை அடிப்பது. நம் வண்டியின் தாளும் அங்கேயே இருந்தது: எஃப்.ஜே.5, லைம்லைட் பச்சை. யாரோ ஒரு நேர்மையான மனிதர், கண்காட்சிக்காகப் புடைக்க வைத்திருந்த சக்கர வளைவுகளை அறுத்தெறிந்து, ஒட்டி, பட்டி பார்த்து, சரியான பச்சையை அடித்திருக்கிறார். வண்டி தொலைந்தது காட்டிலோ குப்பைமேட்டிலோ அல்ல. சரியான நிறத்துக்கு அடியில்.

வண்டியை விற்றவரின் அக்கா ஜூன் மாதம் ஒரு புகைப்படம் அனுப்பினார். ஓரத்தில் 1973 பிப்ரவரி என்று அச்சாகியிருந்தது. சிவப்பு ரோட் ரன்னர், வெள்ளைப் பஞ்சு, பக்கத்தில் பெல்பாட்டம் போட்ட ஒரு பையன். கூரையில் லேஸ் வேலை: ஜன்னல் திரை லேஸை விரித்து அதன்மேல் சாயம் தெளித்து எடுப்பது. அவசரப்பட்டு ஆட்டோராமா வண்டி என்று அறிவித்துவிடலாம் என்றார்கள் சிலர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. சிவப்பு ரோட் ரன்னர்கள் எத்தனையோ. கூரையின் முன்மூலையில் ஒரு சாண் அளவுக்கு மட்டும் பச்சையை எடுத்தோம், மூன்று சனிக்கிழமைகள், ஈரத்தாளால். லேஸின் பூ ஒன்று வந்தது, கண்ணாடி ஓரத்தில் பாதி மடங்கிய இதழோடு. படத்திலும் அதே இடத்தில் அதே மடிப்பு. லேஸ் இரண்டு முறை ஒரே மாதிரி விழாது. எங்கள் பெரியப்பா, அதாவது நம் மூத்த உறுப்பினர், வாயில் இருந்த பாக்கைத் துப்பிவிட்டு வந்து மறுபடி பார்த்தார்.

விலை என்ன என்று எத்தனை தொலைபேசி அழைப்புகள்! உட்வர்டில் இரவில் பந்தயம் ஓடி, ஜெயித்து, மாயமாகிவிடும் 'பிளாக் கோஸ்ட்' என்ற 1970 டாட்ஜ் சேலஞ்சர் 2023 மே மாதம் இண்டியானாபொலிஸ் ஏலத்தில் கட்டணம் சேர்த்துப் 10 லட்சம் டாலரைத் தாண்டியது உண்மை. அதன் முதல் சொந்தக்காரர் பகலில் டெட்ராய்ட் போலீஸ்காரராக இருந்தவர். ஆனால் அது ஹெமி என்ற அரிய, சக்திவாய்ந்த எஞ்சின் வைத்த வண்டி, ஒரே குடும்பத்தின் கையில் பல ஆண்டு இருந்தது, கறுப்பு நிறத்தை யாரும் மாற்றவில்லை. நம்முடையது அறுத்து ஒட்டிய 383. கனவு காண்பவர்கள் சந்தாவையும் கட்டிவிட்டுக் காணலாம்.

இனி தீர்மானம். வண்டி துணைத்தலைவருடையதுதான் என்றாலும், கருத்தைச் சங்கத்திடமே கேட்கிறார். பச்சையே இருக்கட்டும், தாள் அப்படித்தான் சொல்கிறது என்பது ஒரு கட்சி. வளைவுகளை மறுபடி கட்டிக் கேண்டி அடிக்கலாம் என்பது இன்னொன்று. கேண்டியில் ஒரு பக்கத்தை மட்டும் சரிசெய்து நிறம் சேர்க்க முடியாது. முழு வண்டியையும் புதிதாக அடிக்க வேண்டும், அப்போது 1973இன் பூவும் போய்விடும். என் கருத்து: சுரண்டிய இரண்டு இடங்களையும் அப்படியே காட்டி, மற்றதைத் தொடாமல் ஓட்டுவது. இது செயலாளர் என்ற முறையில் அல்ல, மூன்று சனிக்கிழமை முட்டி தேய உட்கார்ந்தவன் என்ற முறையில்.

கணக்கு: வரவு 1,860 டாலர், செலவு 1,742. உப்புத்தாள் செலவை ஏன் தனித்தலைப்பில் காட்டினீர்கள் என்று தணிக்கையாளர் கேட்டார். இந்த அறிக்கையைப் படித்தால் தெரியும்.

வாக்குச்சீட்டுகள் காபி டிரம் பக்கத்தில் உள்ளன. டிக்கி திறந்திருக்கிறது; வெல்வெட்டைப் பார்க்கலாம், தயவுசெய்து யாரும் தொட வேண்டாம்.

இப்படிக்கு,
செயலாளர்