அந்த இன்சோலை மாற்றிவிடு, யாழினி

அன்பு மகள் யாழினிக்கு,

போன மாதம் நீ பினாங்குக்கு வந்தபோது, வாசலில் கழற்றிப் போட்ட உன் ஓட்டச் சப்பாத்தைக் கழுவலாம் என்று எடுத்தேன். உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தை அட்டையை, அதான் இன்சோலை, உருவிப் பார்த்ததும் எனக்கு மனசே சரியில்லை. குதிகால் பக்கம் கட்டைவிரலால் அழுத்தினால் பள்ளம் அப்படியே நிற்கிறது, எழும்பி வரவில்லை. பெருவிரலுக்குக் கீழே மேல்துணி உரிந்து நுரை தெரிகிறது. பாத வளைவுக்கு அடியில் குறுக்கே ஒரு வெடிப்பு. காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்துகிறது என்று அம்மாவிடம் சொன்னாயாம். அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கடையில் வாங்கும் இன்சோல் சுமார் 500 முதல் 800 கிலோமீட்டர் ஓட்டம் வரை தாங்கும். சப்பாத்துக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான். வாரம் 40 கிலோமீட்டர் ஓடுகிற உனக்கு மூன்றிலிருந்து ஐந்து மாதம், அவ்வளவுதான். மேலே பார்க்கப் புதுசு மாதிரி இருக்கிறதே என்று நம்பிவிடாதே. மாதம் ஒருமுறை வெளியே எடுத்து அழுத்திப் பார், இடது, வலது இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார். மலிவு விற்பனையில் இரண்டு மூன்று சோடி வாங்கி அலமாரியில் அடுக்குவதும் வேண்டாம். இன்சோலில் இருக்கும் பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக் நுரை நம் ஊர் ஈரக்காற்றில், போடாமல் வைத்திருந்தாலே நாளடைவில் உதிர்ந்து போகும்.

காலுக்கு அச்சு எடுத்து இன்சோல் செய்து கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். அதன் அடித்தகடு பல வருடம் உழைக்கும், மேலுறையை மட்டும் அவ்வப்போது மாற்றினால் போதும். ஆனால் எடுத்தவுடனே அவ்வளவு காசு கொட்ட வேண்டியதில்லை, கண்ணு. குதிகால் வலிக்கு அதையும் கடையில் விற்பதையும் ஒப்பிட்ட ஆராய்ச்சிகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. முதலில் கடைச் சரக்கைப் போட்டுப் பார். வலி குறையவில்லை, அல்லது பாதம் மரத்துப் போகிறது என்றால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போ. தட்டைப் பாதம் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதே. வலியில்லாத தட்டைப் பாதத்துக்கு ஒன்றும் தேவையில்லை.

சாயங்காலம் கடைக்குப் போ. நாள் முழுக்க நடந்தபின் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு. ஓடும்போது போடும் காலுறையையும் சப்பாத்தையும் எடுத்துக்கொண்டு போ. சப்பாத்தோடு வந்த உள்ளட்டையை எடுத்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். ஒன்றின்மேல் ஒன்று போட்டால் குதிகால் மேலே ஏறி, நடக்கும்போது பின்பக்கம் கழன்று கழன்று வரும். முன்பக்கத்தை வெட்ட வேண்டியிருந்தால் பழைய அட்டையையே அளவாக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டு.

நீ ஆடும் பூப்பந்து விஷயத்தில் அப்பா சொல்வதைக் கட்டாயம் கேள். ஓட்டத்துக்குப் போடும் தடித்த இன்சோலை அந்தச் சப்பாத்தில் திணிக்காதே. ஓட்டம் நேராகப் போவது. பூப்பந்தில் பக்கவாட்டில் பாய்ந்து, சட்டென்று நின்று, திரும்ப வேண்டும். மெத்தென்ற நுரைமேல் குதிகால் உயரமாக நின்றால் கணுக்கால் பிசகுவது சுலபம். அதற்கு மெல்லியதாக, கெட்டியாக, குதிகாலைக் கிண்ணம் போலப் பிடித்துக்கொள்வது ஒன்று தனியாக வாங்கு. காசு போனால் போகிறது.

புதியதைப் போட்டுக்கொண்டு நேரே நீண்ட ஓட்டத்துக்குக் கிளம்பாதே. முதல் நாள் ஒன்றிரண்டு மணி நேரம் வேலையிடத்தில் போட்டு நட. தினமும் கொஞ்சம் கூட்டு. அப்புறம் கோலாலம்பூர் கே.எல்.சி.சி. பூங்காவின் ரப்பர் பாதையில் இரண்டு மூன்று சுற்று. ஆரம்பத்தில் லேசாக உறுத்தும், அது சரியாகிவிடும். கொப்புளம் வந்தாலோ முழங்கால் வலித்தாலோ அது உன் காலுக்கு ஒத்துவரவில்லை என்று எடுத்துவிடு.

ஓடி முடித்ததும் வெளியே எடுத்து நிழலில் காயவை. வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டு வைக்காதே, சூட்டில் வடிவம் கெட்டுவிடும். கெண்டைக்காலை நீட்டி மடக்கும் பயிற்சியையும் விட்டுவிடாதே. இன்சோல் காலைத் தாங்கி வலியைக் குறைக்கும், காலுக்கு பலம் தருவது பயிற்சிதான்.

பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், அதன்மேல் ஓட நீ ஆசைப்படுவது அப்பாவுக்கும் சந்தோஷம்தான். அந்த ஓட்டத்துக்கு மூன்று வாரமாவது முன்னதாகப் புதிய இன்சோலுக்கு மாறிவிடு. வாங்கியதும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பு, அடிப்பக்கமும் தெரியும்படி எடு.

அன்புடன்,
அப்பா