முனைவர் பட்ட நெறியாளர்களுக்கு: ‘குழுவுக்கு ஆறு’ கணக்கை விட்டுவிடுங்கள்

தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் முனைவர் பட்ட ஆய்வை நெறிப்படுத்தும் பேராசிரியர்களுக்கும் ஆலோசனைக் குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பான பி.வி.எஸ்சி.யில் முதல் வரிசையில் தேறிய மாணவர், முனைவர் ஆய்வின் மூன்றாம் ஆண்டில் ஆய்வகப் பக்கமே வராமல் ஒதுங்கும்போது ‘சோம்பல் வந்துவிட்டது’ என்கிறார்கள். அது அநியாயமான பேச்சு. அவர் பழகிய உழைப்பு ஒன்று, இங்கே கேட்கப்படும் உழைப்பு வேறொன்று.

ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பின் கடுமை எல்லோருக்கும் தெரியும். மாடு, எருமை, ஆடு, குதிரை, பன்றி, நாய், கோழி என்று ஒவ்வொன்றின் உடற்கூறும் மருந்தளவும் மனதில் நிற்க வேண்டும். கன்று ஈன முடியாத மாடு நள்ளிரவில் வந்தால், தோள்வரை கைவிட்டு, கன்றின் தலை எந்தப் பக்கம் மடங்கிக் கிடக்கிறது என்று தடவிப் பார்க்க வேண்டும். உடம்பையும் நினைவாற்றலையும் இவ்வளவு பிழியும் படிப்புகள் குறைவு. ஆனால் விடை சீக்கிரம் கிடைத்துவிடும். கன்று ஈன்றபின் ரத்தத்தில் கால்சியம் குறைந்து வரும் பால் காய்ச்சலில் சாய்ந்த மாட்டுக்கு, இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டே கால்சியம் போரோகுளுக்கோனேட்டை மெதுவாக ரத்தக் குழாயில் ஏற்றினால் பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் எழுந்துவிடும். அவசரப்பட்டு ஏற்றினால் இதயமே நின்றுபோகலாம். செய்தது சரியா தவறா என்பதை அன்றைக்கே மாடு காட்டிவிடும்.

முனைவர் ஆய்வில் முதல் மாதத்தில் செய்த தவறு, மூன்றாம் ஆண்டில் அட்டவணை போட உட்காரும்போதுதான் தெரிய வருகிறது. அதற்குள் கிட் (சோதனைக்கான பொருட்கள் அடங்கிய பெட்டி) தீர்ந்திருக்கும், கறவைக் காலம் முடிந்திருக்கும். பாதி மாடுகள் சந்தைக்குப் போயிருக்கும்.

அந்தத் தவறுகளில் முதலாவது, ஒப்பிட்டுப் பார்க்கும் ஒவ்வொரு குழுவுக்கும் ஆறு விலங்கு என்ற வழக்கம். இரண்டு குழுக்களின் சராசரிக்கு நடுவே ஒரு திட்ட விலக்க (விலங்குக்கு விலங்கு அளவு சிதறுவதைக் காட்டும் எண்) அளவு வேறுபாடு உண்மையிலேயே இருக்கிறது என்று கொள்வோம். 5% பிழை வரம்பில் (இல்லாத வேறுபாட்டை உண்டென்று சொல்லிவிடும் வாய்ப்பு), 80% வாய்ப்போடு அதைக் கண்டுபிடிக்கக் குழுவுக்கு 17 விலங்குகள் வேண்டும். ஆறை வைத்துச் செய்தால் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். மருந்து வேலை செய்திருந்தாலும் ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்றே பெரும்பாலும் முடிவு வரும். மாணவர் தன் கையைச் சந்தேகிப்பார். விவசாயியின் மாட்டில் செய்யும் ஆய்வென்றால் ஐந்தில் ஒன்று விற்பனையிலோ நோயிலோ விடுபடும் என்று வைத்து 22 ஆக்குங்கள். மடிநோய் ஆய்வில் ஒரே மாட்டின் நான்கு காம்புப் பாலை நான்கு மாடாக எண்ணி இந்தக் குறையை ஈடுகட்டவும் முடியாது.

அடுத்தது கிட். குழுவுக்கு 22 மாடு, இரண்டு குழு, மூன்று முறை ரத்தம் என்றால் 132 சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்). சீரத்தில் ஒரு பொருளின் அளவைக் காணும் எலைசா சோதனையில், கிட்டுக்கு ஒன்றாக வரும் தட்டில் 96 குழி இருப்பதால் இரண்டு கிட் போதும் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். ஸ்டாண்டர்டும் (அளவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்கள்) பிளாங்கும் (அளக்கும் பொருள் இல்லாத வெற்றுக் குழி) இரட்டையாகப் போட்டால் 16 குழி போய்விடும். மீதி 80 குழியில், சீரத்தையும் இரட்டையாகப் போட்டால் 40தான் அடங்கும். ஆக நான்கு கிட். பற்றாக்குறையைப் பிறகு வேறு தயாரிப்புத் தொகுதியில் வாங்கினால் அளவுகள் ஒத்துப்போகாமல் போகலாம். ஒரே மாட்டின் மூன்று சீரமும் ஒரே தட்டில் ஓடுவதுதான் சரி. சீரத்தைச் சிறு குழாய்களில் பிரித்து உறைய வைக்கச் சொல்லுங்கள்; உருக்கி மறுபடி உறைய வைத்தால் பல பொருட்களின் அளவு கெடும். மெல்லிய ஊசியால் வேகமாக உறிஞ்சினாலும், குழாயைக் குலுக்கினாலும் ரத்த அணுக்கள் உடைந்து சீரம் சிவந்துபோகும்.

பெரிய விலங்குகளில் சோதனை என்றால் கல்லூரியின் நெறிமுறைக் குழுவோடு வேலை முடியாது, விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் மத்தியக் குழுவின் அனுமதியும் வேண்டும். கோப்பு போய்வரும் வரை காத்திருக்காமல் மாதிரி எடுத்துவிட்டால், அந்த மாதிரிகளுக்குப் பின்னால் அனுமதி வாங்க வழியில்லை.

இதையெல்லாம் மாணவரே முதுகலையில் கற்றிருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். முதுகலையின் இரண்டு ஆண்டில் தலைப்பையும் விலங்கு எண்ணிக்கையையும் பெரும்பாலும் நெறியாளர்தான் கொடுக்கிறார். கேள்வியைத் தானே அமைக்கும் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வரும்?

அதனால் கேட்கிறோம். புள்ளியியல் பேராசிரியரை ஆய்வுத் திட்டம் எழுதும்போதே ஆலோசனைக் குழுவுக்குள் கொண்டுவாருங்கள். கிட் வாங்கும் முன், ஐந்து மாட்டில் ரத்தம் எடுப்பது முதல் உறைபெட்டி வரை முழு வேலையையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கச் செய்யுங்கள். வாரத்தில் அரை மணி நேரம் சந்தித்து, எடுத்த முடிவை இருவரும் எழுதி வையுங்கள். கிளினிக் பணிக்கும் செய்முறை வகுப்புக்கும் ஆய்வாளரை அனுப்பும் நாட்களை முன்கூட்டியே வரையறுங்கள். மாதிரி எடுக்கும் நாளில் அழைக்காதீர்கள். வேறுபாடு இல்லை என்ற முடிவு, போதுமான எண்ணிக்கையில் கிடைத்ததென்றால், அதை ஆய்வேட்டின் முழு அத்தியாயமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆலோசனைக் குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு ஆய்வாளரிடமும் ஒரே ஒரு தாள் கேளுங்கள்: கேள்வி என்ன, முதன்மையாக எதை அளக்கிறார், எத்தனை விலங்கு, அந்த எண் எப்படி வந்தது.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவம் பயின்று ஆய்வுக்கு வந்தவர்கள்