'தீர்ப்பே இறுதி' என்ற வரிக்கு ஓர் எல்லை போடுங்கள்

பெங்களூரில் ரோபோ கால்பந்துப் போட்டி நடத்தும் கல்லூரி விழாக் குழுக்களுக்கும் பள்ளிப் போட்டி அமைப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் ரூல் புக் நாலு பக்கமோ நாற்பது பக்கமோ, கடைசியில் ஒரு வரி மட்டும் தவறாமல் இருக்கிறது: 'நடுவரின் தீர்ப்பே இறுதியானது.' இந்த மடல் அந்த ஒரு வரியைப் பற்றியது. அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்க வரவில்லை. அது இல்லாவிட்டால் ஒரு மேட்ச்கூட நேரத்துக்கு முடியாது என்பது அரீனா பக்கத்தில் நின்று பார்த்த எவருக்கும் தெரியும். அது எதுவரை செல்லும் என்பதை எழுதி வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். இப்போது அது எல்லாவற்றுக்கும் செல்கிறது. கோலுக்கு, ஃபவுலுக்கு, எடை பார்க்கும் தராசுக்கு, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டருக்கு, போட்டியன்று காலையில் வாட்ஸப்பில் மாற்றிய விதிக்குக்கூட.

அல்சூர் பக்கம் வார இறுதிகளில் பிள்ளைகளுக்கு ரோபோ கட்டக் கற்றுத்தருகிறேன். மர்ஃபி டவுன், கௌதமபுரம் பக்கத்துத் தமிழ் வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம். மோட்டாரும் சக்கரமும் எஸ்.பி. ரோட்டில் பேரம் பேசி வாங்கியவை, உடம்பு அலுமினிய சேனலும் அக்ரிலிக் தகடும். கல்லூரி விழாக்களில் ரிமோட்டை வைத்து ஓட்டும் ஆட்டத்துக்கும் போகிறோம். ரோபோகப் என்ற சர்வதேச ரோபோ போட்டியின் பள்ளிப் பிள்ளைகள் பிரிவான ரோபோகப் ஜூனியர் மாதிரி, ரோபோ தானாகவே பந்தைத் தேடி ஓடும் ஆட்டத்துக்கும் போகிறோம். எந்தக் கல்லூரி, எந்த விழா என்று இங்கே சொல்லப்போவதில்லை. ஒரே இடத்தில் மட்டும் நடந்திருந்தால் அவர்களுக்குத் தனியாக எழுதியிருப்பேன்.

ஆட்டத்துக்கு முன் ரோபோவைச் சோதிக்கும் இன்ஸ்பெக்ஷன் டேபிளில் இருந்து தொடங்குகிறேன். சண்டை பாதி அங்கேதான் பிறக்கிறது.

விதி: 'பேட்டரி 12 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது.' எங்கள் பசங்களிடம் இருந்தது மூன்று செல் லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி. பெயரளவில் ஒரு செல் 3.7 வோல்ட், மூன்றும் சேர்ந்து 11.1. ஆனால் முழுசாகச் சார்ஜ் ஏற்றினால் ஒரு செல் 4.2 வரை போகும், மூன்றுக்கு 12.6. தன்னார்வலர் மல்டிமீட்டர் முனைகளை வைத்தார், 12.58 என்று காட்டியது. 'நாட் அலவ்ட்.' அடுத்த டீம் பழைய லெட் ஆசிட் பேட்டரியோடு வந்தது. அதன் மேல் 12V என்று அச்சடித்திருந்ததால் மீட்டரையே வைக்கவில்லை. முழுசாகச் சார்ஜ் ஆன லெட் ஆசிட்டும் 12.6, 12.7 என்றுதான் காட்டும். இது அந்த மேஜையில் இருந்த யாருக்கும் தெரியாமல் இருந்திருக்காது, எலெக்ட்ரிகல் மாணவர்கள். பசங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வராந்தாவில் பாட்டை, அதாவது ரோபோவை, தலைகீழாகக் கவிழ்த்து, சக்கரங்களைக் காற்றில் முழு வேகத்தில் சுழலவிட்டு, சார்ஜை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் ரிமோட்டைப் பிடித்திருக்க, இன்னொருத்தி நிமிஷத்துக்கு ஒரு முறை மீட்டர் வைத்துப் பார்த்தாள். 11.98 வந்ததும் ஓடினார்கள். பாஸ். பிறகு இரண்டாவது பாதியில் பாட் மூச்சு வாங்கியது.

இதில் நடுவர் எதைக் கண்ணால் பார்த்து முடிவெடுத்தார்? ஒன்றையும் இல்லை. '12 வோல்ட்' என்பது பெயரளவு மின்னழுத்தமா, முழுச் சார்ஜில் அளந்ததா என்று விதியில் எழுதவில்லை. எழுதாத இடத்தை ஒரு இரண்டாம் ஆண்டு மாணவர் அந்த நேரத்துக்குத் தோன்றியபடி நிரப்பினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். காலை முதல் சாப்பிடாமல் நின்றுகொண்டிருந்தார். ஆனால் அதைப் பற்றிக் கேட்கப் போனால், எடுத்துக் காட்டியது அதே வரி: நடுவரின் தீர்ப்பே இறுதி.

நிஜக் கால்பந்தில் இந்த வரி எப்படி இருக்கிறது என்று பாருங்கள். ஆட்ட விதிகளில் ஐந்தாவது விதி நடுவரைப் பற்றியது. ஆட்டத்தோடு தொடர்புள்ள நிகழ்வுகள், அதாவது கோல் விழுந்ததா இல்லையா, ஆட்டத்தின் முடிவு என்ன என்பது உட்பட, இவற்றில் நடுவர் சொல்வதே இறுதி என்கிறது. நிகழ்வு என்ற அந்த வேலி முக்கியம். நிகழ்வை நடுவர் தவறாகப் பார்த்தால் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். விதியையே தவறாகப் பிரயோகித்தால் கதை வேறு. 2005இல் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் உஸ்பெகிஸ்தானும் பஹ்ரைனும் மோதின. உஸ்பெகிஸ்தான் பெனால்டியை கோலாக்கியது. ஆனால் பந்தை உதைக்கும் முன்பே அவர்கள் ஆள் ஒருவர் பெனால்டி பெட்டிக்குள் ஓடிவிட்டார். அன்றைய விதிப்படி பெனால்டியைத் திரும்ப அடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். நடுவர் பஹ்ரைனுக்கு ஃப்ரீ கிக் கொடுத்துவிட்டார். ஆள் உள்ளே ஓடியதை அவர் சரியாகத்தான் பார்த்தார், அதற்குரிய விதிதான் பிசகியது. ஃபிஃபா அந்த ஆட்டத்தையே ரத்து செய்து மறுபடி ஆடச் சொன்னது. (முதல் ஆட்டத்தில் 1-0 என்று ஜெயித்திருந்த உஸ்பெகிஸ்தான்தான் புகார் கொடுத்தது. மறு ஆட்டம் 1-1, பஹ்ரைனில் நடந்த அடுத்த ஆட்டம் 0-0, எதிரணி ஊரில் அடித்த கோல் கணக்கில் அவர்களே வெளியேறினார்கள். புகார் கொடுப்பவர்கள் இதையும் நினைவில் வைப்பது நல்லது.)

அந்த வேலியைத்தான் உங்கள் ரூல் புக்கிலும் கேட்கிறேன். விசில் ஊதியதிலிருந்து அடுத்த விசில் வரை நடப்பதற்கு நடுவர் சொல்வதே முடிவு. அளவு, எடை, வோல்ட், விதியின் பொருள் இவற்றுக்கு எழுத்தில் ஒரு கேள்வி, எழுத்தில் ஒரு பதில், நடுவர் அல்லாத ஒருவர் கையெழுத்து.

வேலிக்கு உள்ளே இருப்பதில் நான் முழுக்க உங்கள் பக்கம். கோல் கோட்டைப் பந்து தாண்டியதா என்று அப்பா அம்மாக்கள் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்களே, அதை வாங்கிப் பார்க்கவே பார்க்காதீர்கள். சாதாரணப் போன் வீடியோ நொடிக்கு 30 படம். பந்து நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் போனால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ரோபோ ஆட்டத்தில் பந்தாக வரும் கோல்ஃப் பந்தின் குறுக்களவு நாலே கால் சென்டிமீட்டர். பந்து உள்ளே போய், பின் சுவரில் பட்டு வெளியே வந்ததுகூட அந்த இடைவெளியில் மறைந்துபோகலாம். அதுவும் கேலரியில் சாய்வாக உட்கார்ந்து எடுத்த வீடியோ. கோட்டுக்கு நேராக நிற்கும் ஒரு ஜோடிக் கண் இதைவிட மேல். தவறு நடக்கும், நடந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் அந்தக் கண்ணுக்கு என்ன வேலை கொடுக்கிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 'பந்தை அதிக நேரம் பிடித்துவைக்கக் கூடாது.' அதிக நேரம் என்றால் எவ்வளவு? ஒரு அரீனாவில் மூன்று எண்ணுகிறார்கள், பக்கத்து அரீனாவில் ஐந்து, கால் இறுதியில் யாரும் எண்ணுவதே இல்லை. ரோபோகப்பின் சிறிய அளவு லீக்கில் 18 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பாட்டுகள் ஆரஞ்சு நிறக் கோல்ஃப் பந்தோடு ஆடுகின்றன. மேலே கேமரா, அதிலிருந்து வரும் நிலைத் தகவலை வைத்து ஃபவுலைக் கண்டுபிடிக்கும் தானியங்கி நடுவர் மென்பொருள். ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் தனித்தனியே எழுதிய மென்பொருள்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. கருத்து மாறினால் பெரும்பான்மைதான் எடுபடும். அந்த வசதியை யாரும் இங்கே கேட்கவில்லை. அந்த மென்பொருளை எழுத முடிந்ததற்குக் காரணம் என்ன என்று மட்டும் யோசியுங்கள். பந்தை நொடிக்கு 6.5 மீட்டருக்கு மேல் உதைக்கக் கூடாது, ஒரு மீட்டருக்கு மேல் பந்தை ஒட்டி உருட்டிக்கொண்டு போகக் கூடாது என்று விதி எண்ணில் இருக்கிறது. 'அதிகமாக', 'ஆபத்தாக', 'வேண்டுமென்றே' என்று எழுதியிருந்தால் கணினிக்கும் விளங்காது. பதினாலு வயசுப் பிள்ளைக்கு மட்டும் விளங்கிவிடுமா?

வேண்டுமென்றே என்பது பற்றி ஒரு வார்த்தை. ரிமோட் ஆட்டத்தில் அதைக் கேட்கலாம், ஸ்டிக்கைப் பிடித்திருப்பது மனிதர். தானியங்கி ஆட்டத்தில் பாட் வேண்டுமென்றே இடித்தது என்று தீர்ப்புச் சொன்ன ஒரு நடுவரைக் கண்டிருக்கிறேன். அந்த பாட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாது. அதில் இருந்தவை பந்தைத் தேடும் அகச்சிவப்பு சென்சார்களும் கோட்டைப் பார்க்கும் சென்சார்களும் மட்டுமே.

அகச்சிவப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. ஜூனியரின் ஒரு பிரிவில் பந்து அகச்சிவப்பு ஒளியை வீசும். சூரிய வெளிச்சத்திலும் அகச்சிவப்பு நிறைய. மேற்குப் பார்த்த கண்ணாடிச் சுவர் உள்ள ஹாலில், மாலை நாலரைக்கு மேட்ச் வைத்தால், ஒரு பக்கத்து பாட்டுகளின் சென்சார்கள் திணறுகின்றன. எங்கள் பாட் பந்தை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்து நின்றது, கூட்டம் சிரித்தது. பந்தை ஒரு பாட்டும் கண்டுபிடிக்காமல் ஆட்டம் முடங்கினால் 'ஆட்டம் நகரவில்லை' என்று அறிவித்து, பந்தை நடுநிலைப் புள்ளிக்கு மாற்ற விதியே இருக்கிறது. அன்றைய நடுவர் அதை ஒருமுறைகூட அழைக்கவில்லை. அது அவர் கண் முடிவு, விட்டுவிடுகிறேன். திரைச்சீலை போடுவது அவர் முடிவு அல்ல. அது உங்கள் வேலை.

வாட்ஸப் விஷயத்துக்கு வருகிறேன். எடை வரம்பு பேட்டரியோடா, பேட்டரி இல்லாமலா என்ற விளக்கம் முந்தின ராத்திரி பதினொரு மணிக்கு க்ரூப்பில் வந்தது. வெளியூர் டீம்கள் பஸ்ஸில் இருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் 40 கிராம் குறைக்க முன்பக்கப் பாதுகாப்புத் தகட்டைக் கழற்றினார்கள். முதல் மேட்ச்சிலேயே எதிர் பாட்டின் கொக்கி மாட்டி மோட்டார் ஒயர் அறுந்தது. விதியை நடுவில் மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. ரோபோகப் ஜூனியர் கால்பந்து விதிகளே விளக்கத்துக்கும், தவிர்க்க முடியாத மாற்றத்துக்கும் இடம் தருகின்றன. ஆனால் அதைச் செய்ய வேண்டியது லீக் குழு, ஒரு மேஜைக்காரர் அல்ல. ஒவ்வொரு ஆண்டும் மாறிய வரிகளைத் தனி நிறத்தில் காட்டி வெளியிடுகிறார்கள். நீங்கள் போன வருஷ பி.டி.எஃப்பின் மேலேயே தேதியை மாற்றி அனுப்புகிறீர்கள். எது மாறியது என்று பார்க்க இரண்டையும் பக்கத்தில் வைத்து வரி வரியாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்று, யார் பேசலாம் என்பது. கேப்டன் மட்டுமே நடுவரிடம் பேசலாம், பயிற்சியாளர் வாய் திறக்கக் கூடாது என்பது நல்ல விதி. எங்களைப் போன்ற பெரியவர்கள் கத்துவதுதான் போட்டியைக் கெடுக்கிறது. ஆனால் எங்கள் கேப்டன் எட்டாம் வகுப்பு, வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம். நடுவர் ஆங்கிலத்தில் மூன்று வாக்கியம் சொன்னதும் 'ஓகே சார்' என்று ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள். கையெழுத்துப் போட்டால் முடிவை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம் என்பது அவளுக்குத் தெரியாது. வெளியே வந்ததும் என்னிடம், 'அண்ணா, எதுக்கு ஃபவுல்னு மட்டும் கேட்டுச் சொல்றீங்களா?' என்றாள். நான் கேட்கக் கூடாது என்பதுதான் விதி. பெங்களூரில் ஒவ்வொரு அரீனாவிலும் கன்னடமும் தமிழும் தெலுங்கும் தெரிந்த ஒருத்தரைக் கண்டுபிடிப்பது கஷ்டமா என்ன? காபி கவுன்டரிலேயே மூன்று பேர் இருப்பார்கள்.

'ஆள் இல்லை, எல்லாரும் தன்னார்வலர்கள்' என்று சொல்வீர்கள். உண்மைதான். ரோபோகப்பில் நேவோ என்ற மனித உருவ ரோபோக்கள் ஆடிய லீக்கிலும் இதே பிரச்சினைதான் இருந்தது. அங்கே கலந்துகொண்ட டீம்களே மற்ற டீம்களின் ஆட்டத்துக்கு நடுவர்களைத் தர வேண்டியிருந்தது. விசில் பிடித்துப் பார்த்தவன் பிறகு நடுவரோடு சண்டை போடுவது குறையும், இதை கௌதமபுரத்துக் கிரவுண்டிலேயே பார்க்கலாம். பெலேவுக்குச் சிலை வைத்த தெரு அது. 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் பிரான்சுக்கு எதிராக இந்தியாவின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமனின் ஊர் இந்த பெங்களூர். எங்கள் பிள்ளைகளுக்குத் தோற்கத் தெரியும், தப்பான விசிலையும் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். மீட்டரிடம் தோற்பதுதான் அவர்களுக்குப் பழக்கமில்லை.

ஆகவே அடுத்த போட்டிக்குப் பதிவு தொடங்கும் முன்பே ரூல் புக்கை வெளியிடுங்கள், அதற்கு ஒரு பதிப்பு எண் கொடுங்கள், கேள்வி அனுப்பக் கடைசித் தேதி ஒன்றைப் போடுங்கள். பதில்களை எல்லா டீமும் பார்க்கும்படி ஒரே இடத்தில் வையுங்கள். தராசும் மீட்டரும் எல்லா டீமுக்கும் ஒன்றே இருக்கட்டும், முந்தின நாளே பிள்ளைகள் அதில் தங்கள் பாட்டை வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். இன்ஸ்பெக்ஷன் டேபிளுக்கு ஆள் குறைந்தால் எங்களிடம் படித்துவிட்டு இப்போது பாலிடெக்னிக்கில் இருக்கும் மூத்த பசங்கள் வருகிறார்கள், சாப்பாடு மட்டும் போதும். எங்கள் டீம் ஆடும் பிரிவில் அவர்களை உட்காரவைக்காதீர்கள்.

இப்படிக்கு,
அல்சூரிலிருந்து ஒரு பயிற்சியாளர்